பெற்றது எத்தனை, பிழைத்தது எத்தனை?

1991ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடைபெற்றபொழுது, நெய்வேலி நகரியத்தைச் சூழ்ந்துள்ள சிற்றூர்களில் ஒன்று என் பங்காக அமைந்தது. ஆசிரியர்களே கணக்கெடுப்பாளர்களாகச் செல்வது நம் நாட்டு வழக்கம். அவ்வாண்டின் படிவத்தில், மணமான பெண்களிடம் கேட்க வேண்டிய வினாக்கள் இரண்டு இருந்தன. உயிருடன் பிறந்த பிள்ளைகள் எத்தனை என்பது ஒன்று. இப்பொழுது உயிருடன் இருக்கும் பிள்ளைகள் எத்தனை என்பது மற்றொன்று. ஒரு கூரை வீட்டுத் திண்ணையில் அமர்ந்து முறம் புடைத்துக்கொண்டிருந்த முதியவள் ஒருத்தி, தலை நிமிராமலேயே, "பெத்தது ஒம்பது வாத்தியாரே, பொழைச்சது நாலு" என்றாள். நான் இரு கட்டங்களில் இரண்டு எண்களை எழுதிக்கொண்டு அடுத்த வீட்டிற்குச் சென்றுவிட்டேன்.

அன்று ஒரு நொடியில் எழுதிய அவ்விரண்டு எண்களின் அருமை பின்னாளில்தான் எனக்குப் புலனாயிற்று. வரலாற்றுக்கு முற்பட்ட காலத்தில் எத்தனை குழந்தைகள் பிறந்து, எத்தனை குழந்தைகள் மடிந்தன என்று அறிய முயலும் அறிஞர்களுக்குக் கிடைக்காதவை அவ்விரண்டு எண்களே. திண்ணையில் அமர்ந்து விடை கூற அக்காலத் தாய் இன்று இல்லை. எழுதி வைத்த ஏடும் இல்லை. எஞ்சியிருப்பது மண் ஒன்றே. அம்மண்ணைப் படிப்பது எவ்வாறு, படிக்கையில் நாம் செய்யும் பிழைகள் யாவை என்பனவற்றையே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன். அப்பிழைகளுள் ஒன்றை நானே வகுப்பறையில் செய்தவன். ஆதலின் இவ்வுரை ஓரளவுக்கு என் பிழை திருத்தமும் ஆகும்.

மண்ணைப் படிப்பது நெய்வேலியில் வளர்ந்தவர்க்குப் புதிதன்று. 1957ஆம் ஆண்டு இங்குச் சுரங்கப் பணி தொடங்கியது. அதில் வேலை செய்யச் சிற்றூரிலிருந்து பெயர்ந்து வந்தவர்களுள் என் தந்தையாரும் ஒருவர். பழுப்பு நிலக்கரியை அடையுமுன் மேல்மண்ணை அடுக்கடுக்காக அகற்ற வேண்டும். செம்மண், மணல், களிமண் என ஒவ்வோர் அடுக்கும் ஒவ்வொரு காலத்தைக் கூறும். தொல்லியலாரும் இம்முறையிலேயே மண்ணைப் படிக்கின்றனர். ஆயினும், இங்குப் பெரும் பொறிகள் ஒரு நாளில் வாரும் மண்ணை, அவர்கள் சிறு கரண்டியாலும் தூரிகையாலும் பல திங்கள் முயன்று அகற்றுவர். குழந்தையின் எலும்பு அத்துணை மெல்லியது.

நம் நாட்டு மண்ணில் அத்தகைய குழந்தைகள் கிடைத்த இடங்கள் சிலவற்றைக் காண்போம். எங்கள் கடலூர் மாவட்டத்திலேயே, பண்ருட்டிக்கு அண்மையில் உள்ள மருங்கூரில் ஈமத்தாழிகள் வெளிப்பட்டன. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2024ஆம் ஆண்டு அவ்வூரில் அகழாய்வு மேற்கொண்டது. தெற்கே, பொருநை ஆற்றங்கரையில் உள்ள ஆதிச்சநல்லூர் 114 ஏக்கர் பரப்புடைய பெரும் இடுகாடு. 1876ஆம் ஆண்டு செருமானிய அறிஞர் யாகோர் அதனை முதலில் அகழ்ந்தார். 1899 முதற்கொண்டு அலெக்சாந்தர் ரீயும், 2004ஆம் ஆண்டில் மீண்டும் இந்தியத் தொல்லியல் துறையினரும் அங்கு ஆய்ந்தனர். கீழடிக்கு அருகிலுள்ள கொந்தகை, அப்பழங்குடியிருப்பின் இடுகாடாகும். 2020ஆம் ஆண்டு அங்குக் குழந்தை ஒன்றின் எலும்புக்கூடு வெளிப்பட்டது.

காலத்தால் மிகவும் பின்னோக்கிச் செல்லும் கண்டுபிடிப்பு ஒன்றும் நமக்கு அண்மையில் உண்டு. விழுப்புரம் மாவட்டத்தில், பொம்மையார்பாளையத்தை அடுத்த ஓடை என்னும் இடத்தில், 2001ஆம் ஆண்டு தொல்லியலாளர் பி. இராசேந்திரன் செம்புரைக்கல் படிவில் ஒரு மகவின் மண்டையோட்டைக் கண்டெடுத்தார். அது ஏறத்தாழ 1,66,000 ஆண்டுகட்கு முற்பட்டது என்பது அவர் கருத்து. ஆனால், செம்புரைக்கல்லில் எலும்பு நிலைத்திருப்பது அரிது. ஆகவே அறிஞர் அனைவரும் அம்முடிவை ஏற்றுக்கொள்ளவில்லை. அதனை உறுதியான சான்றாக நான் உங்கள் முன் வைக்கவில்லை. ஒரு கண்டுபிடிப்பு எவ்வளவு வியப்புக்குரியதோ, அவ்வளவு கடுமையாக அதனைச் சோதிக்க வேண்டும் என்பதற்கு எடுத்துக்காட்டாகவே கூறுகிறேன்.

குழந்தைப் புதைவுகள் மிகுதியாகவும் ஒழுங்காகவும் கிடைத்த இடங்களைக் காண வேண்டுமாயின், நாம் தக்காணத்திற்குச் செல்லுதல் வேண்டும். மகாராட்டிரத்தில், பூனா மாவட்டத்தின் கோட் ஆற்றங்கரையில் இனாம்காவ் என்னும் ஊர் உள்ளது. பூனா தக்காணக் கல்லூரியைச் சேர்ந்த சங்காலியா, தவளிக்கர், அன்சாரி ஆகியோர் 1968 முதல் 1983 வரை அவ்விடத்தை அகழ்ந்தனர். கி.மு. 1600 முதல் கி.மு. 700 வரை அங்கு உழவர்கள் வாழ்ந்தனர். அவர்கள் கல்லாலும் செம்பாலும் ஆகிய கருவிகளைக் கையாண்டவர்கள். அகழாய்வில் வெளிப்பட்ட புதைவுகளுள் பெரும்பாலானவை குழந்தைகளுடையவை. அவை ஊர்ப்புறத்து இடுகாட்டில் இல்லை. வீட்டுத் தரையின் அடியிலேயே இருந்தன. தரையில் குழி தோண்டி, இரு மட்பாண்டங்களைப் படுக்கை நிலையில் வாயோடு வாய் பொருந்த வைத்து, அவற்றின் உள்ளே குழந்தையைக் கிடத்தியிருந்தனர். அருகே சிறு கலங்களும் வைக்கப்பட்டிருந்தன. கருநாடகத்துப் பிரம்மகிரியிலும், 1947ஆம் ஆண்டு வீலர் நடத்திய அகழாய்வில், புதிய கற்கால மக்கள் தம் குழந்தைகளைத் தாழியிலிட்டுக் குடியிருப்பினுள்ளேயே புதைத்தமை தெரியவந்தது.

இறந்தது எத்தனை அகவைக் குழந்தை என்று எவ்வாறு அறிகின்றனர்? பல்லே இதற்குத் தலைசிறந்த சான்று. பாற்பற்கள் இருபதும் கருவறையிலேயே உருவாகத் தொடங்கிவிடுகின்றன. அவை வளரும் வரிசையும் காலமும் எல்லா நாட்டு மக்களுக்கும் ஏறத்தாழ ஒன்றே. ஆதலின், ஈறுக்குள் மறைந்திருக்கும் பல் எந்த அளவு முற்றியிருக்கிறது என்று கண்டு, அகவையைச் சில திங்கள் வேறுபாட்டிற்குள் கூறிவிடலாம். இன்னும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. பிறப்பு என்பது குழந்தையின் உடலுக்குப் பெரியதோர் அதிர்ச்சி. அவ்வதிர்ச்சி பாற்பல்லின் மேற்பூச்சில் மெல்லிய கோடு ஒன்றைப் பதித்துவிடுகிறது. உருப்பெருக்கியில் அக்கோடு தெரியுமாயின், அம்மகவு பிறந்த பின் சில நாட்களேனும் உயிர் வாழ்ந்தது என்று கொள்ளலாம். கடும் நோயும் பட்டினியும் பல்லின் பூச்சில் பள்ளங்களாகப் பதிகின்றன. கண்குழியின் மேற்கூரையில் காணப்படும் துளைகள், குருதிச் சோகை போன்ற குறைகளைச் சுட்டுகின்றன. கைகால் எலும்பின் நீளம் குழந்தையின் வளர்ச்சியைக் கூறுகிறது. குவென் ராபின்சு சுக் என்னும் அமெரிக்க ஆய்வாளர் நெவாசா, தைமாபாத், இனாம்காவ் ஆகிய ஊர்களின் குழந்தை எலும்புகளை இவ்வாறு அளந்து, 2011ஆம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார். பிற்காலத்தில், இனாம்காவின் பிள்ளைகள் உடல் மெலிந்து வளர்ச்சி குன்றினர் என்பதை அவ்வெலும்புகள் காட்டுகின்றன.

இனி நாம் செய்யும் முதற் பிழைக்கு வருவோம். ஓர் இடுகாட்டில் கிடைத்த புதைவுகளுள் ஐந்தில் இரண்டு குழந்தைகளுடையவை என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே, "அவ்வூரில் பிறந்த ஐந்து குழந்தைகளில் இரண்டு இறந்தன" என்று எழுதிவிடுகிறோம். இது தவறு. ஏன் தவறு என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்குகிறேன். கரும்பலகை இல்லை, ஆதலின் கையிலே தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு ஊர்களைக் கற்பனை செய்வோம். முதலூரில் ஆண்டுக்குப் பத்துக் குழந்தைகள் பிறக்கின்றன. இரண்டாம் ஊரில் ஐந்து பிறக்கின்றன. இரண்டிலும் ஐந்தில் ஒரு குழந்தை இறக்கிறது. எனவே முதலூரில் ஆண்டுக்கு இரு குழந்தைகளும், இரண்டாம் ஊரில் ஒரு குழந்தையும் புதைக்கப்படுகின்றன. ஆண்டுதோறும் இரண்டு ஊர்களிலும் பெரியவர் மூவர் இறக்கின்றனர் எனக் கொள்க. முதலூர் இடுகாட்டில் ஐந்து புதைவுகளில் இரண்டு குழந்தைகளுடையவை, நூற்றுக்கு நாற்பது. இரண்டாம் ஊரில் நான்கில் ஒன்று, நூற்றுக்கு இருபத்தைந்து. இடுகாடுகளை மட்டும் காண்பவர், "முதலூரில் குழந்தைகள் மிகுதியாக மடிந்தன; அங்குத் தாய்மார் பேணவில்லை போலும்" என்பார். உண்மையில் இரண்டு ஊர்களிலும் இறப்பின் விகிதம் ஒன்றே. வேறுபட்டது பிறப்பின் எண்ணிக்கை. குழந்தைப் புதைவுகள் மிகுந்திருந்தமைக்குக் காரணம், தொட்டில்கள் மிகுந்திருந்தமையே.

ஆத்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளேர் மக்பாடனும் அவருடன் ஆய்ந்தோரும் 2021ஆம் ஆண்டு இதனை இக்காலப் புள்ளிவிவரங்களைக் கொண்டே சோதித்தனர். பல நாடுகளைப் பற்றி ஐக்கிய நாடுகள் அவை திரட்டிய எண்களை ஒப்பிட்டு நோக்கியபொழுது, இறந்தவர்களுள் குழந்தைகளின் பங்கு, குழந்தை இறப்பு விகிதத்தைக் காட்டிலும் பிறப்பு விகிதத்தோடே நெருங்கிச் செல்வதைக் கண்டனர். மனிதர் ஓரிடத்தில் தங்கி உழவு செய்யத் தொடங்கிய பின், குழந்தைக்கும் குழந்தைக்கும் இடையே உள்ள இடைவெளி குறைந்தது, பிறப்பு மிகுந்தது. எனவே பழைய உழவர் ஊர்களில் குழந்தைப் புதைவுகள் மலிந்திருப்பதை, நோயின் மிகுதி என்றோ புறக்கணிப்பு என்றோ உடனே கொள்ளலாகாது.

இதற்கு மாறான பிழையும் உண்டு. குழந்தைப் புதைவு கிடைக்காத இடத்தில் குழந்தைகளே இறக்கவில்லை என்று கருதுவது அது. பச்சிளங் குழந்தையின் எலும்பு மெல்லியது. அமிலத்தன்மை மிக்க மண்ணில் அது சுவடின்றிக் கரைந்துவிடும். மேலும், பெரியவர்க்கு ஓரிடமும் குழந்தைக்கு மற்றோரிடமும் வகுத்த சமுதாயங்கள் பல. வீட்டுத் தரையைத் தோண்டாமல் இடுகாட்டை மட்டும் தோண்டியிருந்தால், இனாம்காவின் குழந்தைகளை நாம் கண்டிருக்கவே மாட்டோம். திண்ணை முதியவளின் விடையை நினைவு கூருங்கள். ஒன்பது என்னும் எண் தெரியாமல், இறந்த ஐவரின் கணக்கு மட்டும் தெரிந்தால், அவள் வாழ்வைப் பற்றி நாம் என்ன கூற இயலும்? தொல்லியலாரின் நிலை அதனினும் கடினம். இறந்தோரிலும் ஒரு பகுதியே அவர்க்குக் கிடைக்கிறது.

அப்படியாயின், நாம் உறுதியாகக் கூறத்தக்கது எது? ஆய்வாளர்களான ஆண்டனி வோல்க், செரமி அட்கின்சன் ஆகியோர், வேட்டையாடியும் கிழங்கு கனி திரட்டியும் வாழும் மக்களின் கணக்குகளையும், பழைய சமுதாயங்கள் பலவற்றின் பதிவுகளையும் தொகுத்து 2013ஆம் ஆண்டு வெளியிட்டனர். நாடும் காலமும் வேறுபட்டும் அவற்றின் விடை ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. பிறந்த நால்வரில் ஒருவர் முதலாண்டு நிறைவதற்குள் மடிந்தனர். ஏறத்தாழப் பாதிப்பேர் பருவமடையுமுன் மடிந்தனர். பேற்றின்போது நேரும் இடர், வயிற்றுப்போக்கு, சளிக் காய்ச்சல், தாய்ப்பால் மறக்கும் பருவத்தில் நேரும் ஊட்டக் குறைவு ஆகியவையே பெரும் காரணங்கள். அரசர் மனையாயினும் உழவர் குடிலாயினும் இதற்கு விலக்கில்லை.

இரண்டாவது பிழை எண்ணைப் பற்றியதன்று, நெஞ்சைப் பற்றியது. நான் செய்த பிழை அதுவே. பழைய கற்காலம் பற்றிய பாடம் நடத்திக்கொண்டிருந்த ஒரு நாள், ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, இத்தனை பிள்ளைகள் இறந்தால் அவர்கள் அழுதுகொண்டேவா இருந்திருப்பார்கள்?" என்று வினவினான். நான் சற்றும் எண்ணாமல், "பழகிப் போயிருக்கும், தம்பி" என்று விடையிறுத்தேன். வகுப்பு சிரித்தது. விடை சரியென்றே நானும் எண்ணினேன். அன்று மாலை, வட்டம் பதினாறில் இருந்த எங்கள் குடியிருப்பில், உணவு உண்கையில் இதனை வேடிக்கையாக அன்னையாரிடம் கூறினேன். அவர் பரிமாறிக்கொண்டிருந்த கையை நிறுத்தி, "பழகுமாடா?" என்று ஒரு சொல் கேட்டார். பின்னர் எழுந்து அடுக்களைக்குச் சென்றுவிட்டார்.

என் பெயர் பிச்சை. எனக்கு முன் எங்கள் வீட்டில் பிறந்த இருவர் நகரியத்திற்கு வருமுன்னரே சொந்த ஊரில் இறந்தனர். மூன்றாவதாக நான் பிறந்தபொழுது, ஊரார் வீடுகளில் அரிசி இரந்து, அவ்வரிசியைச் சமைத்து உண்டு, எனக்கு இப்பெயரை இட்டனர். பிள்ளைகளை இழந்த வீட்டில் அடுத்த மகவைக் குப்பையில் கிடத்தி எடுத்துக் குப்பன், குப்பம்மாள் என்று அழைத்தலும், தவிட்டுக்கு விற்று மீண்டும் வாங்குதலும், மூக்குக் குத்தி மூக்கன் எனப் பெயரிடுதலும் தமிழ்நாட்டில் பரவலாக இருந்த வழக்கங்கள். 'இது விலைபோகாத பண்டம். எமன் இதனை விரும்ப மாட்டான்' என்பது அவற்றின் கருத்து. பிள்ளை இறப்புக்குப் பழகிப்போன மக்கள் இத்தனை வழிகளைத் தேடியிருப்பரோ? நான் பள்ளி வருகைப் பதிவேட்டில் நாள்தோறும் படித்த பெயர்களே எனக்கு விடை கூறிக்கொண்டிருந்தன. நான் செவி சாய்க்கவில்லை. என் அன்னையாரிடம், "உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?" என்று எவர் வினவினாலும், இறுதிநாள் வரையில் அவர் "ஆறு" என்றே கூறினார். வளர்ந்தவர்கள் நாங்கள் நால்வரே.

இதனை அறிந்த பின் இனாம்காவின் வீட்டுத் தரையை மீண்டும் நோக்குங்கள். அவ்வூரார் குழந்தையை ஏன் வீட்டினுள் புதைத்தனர் என்று அவர்கள் எழுதி வைக்கவில்லை. ஆதலின் அவர் உள்ளத்தை முழுதும் அறிந்ததாக நான் கூறமாட்டேன். ஆனால், ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகட்கு முன் நெவாசாவில் புதைக்கப்பட்ட ஒரு குழந்தையின் கழுத்தில் செப்பு மணிமாலை ஒன்று இருந்தது. செம்பின் களிம்பு காத்தமையால், அம்மணிகளைக் கோத்த நூலின் சிறு பகுதி அழியாமல் எஞ்சியது. அதனை ஆய்ந்தபொழுது பட்டும் பருத்தியும் கலந்த நூல் என்று தெரிந்தது. செம்பு அரிதாக இருந்த காலம்; பட்டு அதனினும் அரிது. அம்மாலையைக் கழற்றி அடுத்த பிள்ளைக்கு அணிவித்திருக்கலாம். அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. எலும்புகள் எண்ணிக்கைக்குச் சான்றாகும். அம்மாலை எதற்குச் சான்று என்பதை உங்கள் முடிவுக்கே விடுகிறேன்.

மனித இனத்தின் நெடிய வரலாற்றில் இந்நிலை மாறியது அண்மைக்காலத்தில்தான். 1971ஆம் ஆண்டில் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 129 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. 2020ஆம் ஆண்டுக் கணக்குப்படி அது 28 ஆயிற்று, தமிழ்நாட்டில் 13. அம்மை குத்தலும் தடுப்பூசிகளும், தூய குடிநீரும், மருத்துவமனைப் பேறும் இதனைச் செய்தன. 1971ஆம் ஆண்டு, வங்க எல்லையில் இருந்த போங்காவ் ஏதிலியர் முகாமில், மருத்துவர் திலீப் மகலானபிசு உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பருகச் செய்து, வாந்திபேதியால் வாடிய பலரைக் காத்தார். இன்று உங்கள் வீட்டுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு நேர்ந்தால் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலின் வரலாறு அது. பொட்டல விலை சிறிது. அது தடுத்து நிறுத்திய துயரின் வயது பல்லாயிரம் ஆண்டுகள். ஆயினும் 13 என்பதும் சுழி அன்று. அப்பதின்மூன்றில் ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு தாய் உண்டு.

மாணவ நண்பர்களே, உங்களுள் சிலர் நாளை தொல்லியல் பயிலலாம், சிலர் மருத்துவராகலாம், சிலர் ஆசிரியராகி, நான் சென்றது போலவே கணக்கெடுப்புக்குச் செல்லலாம். இறந்தோர் எண்ணிக்கை ஒன்றைக் கேள்வியுற்றால், பிறந்தோர் எத்தனை என்றும் கேளுங்கள். விடை கிடையாவிடின், முடிவு கூற விரையாதீர்கள். பழங்காலத்தவர் நம்மினும் கல்நெஞ்சர் என்று எவரேனும் கூறினால், நெவாசாக் குழந்தையின் கழுத்து மாலையை நினைத்துக்கொள்ளுங்கள். அன்று வகுப்பில் என்னை வினவிய மாணவன் இன்று எங்கு உள்ளானோ அறியேன். அவன் இதனைக் கேட்க நேர்ந்தால், என் விடையைத் திருத்திக்கொள்வானாக: பழகவில்லை, தம்பி. தாங்கிக்கொண்டார்கள்.